குரங்கு மூத்திரத்துக்கு ஆறு லட்சம்

என் ஆய்வுக்கு நிதி தருவதாகச் சாங்ஷன் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், எதையும் கிலோக் கணக்கில்தான் யோசிப்பார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குரங்கு மூத்திரத்துக்கு ஆறு லட்சமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பத்துமா?" என்று கேட்டார்.

பத்தவில்லை. ஆனால் எங்கே பத்தவில்லை என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதைத்தான் எழுதலாம் என்று இருக்கிறேன். குரங்கினங்களை வைத்து மருத்துவ ஆய்வு தொடங்க முதல் காசு எப்படிக் கிடைக்கிறது, கிடைத்த பிறகு அது என்ன ஆகிறது என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர். எல்லோரும் என்னைப் போல சின்னக் கல்லூரியில் இருப்பவர்கள். நான் குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவி என்று சொன்னால் ஃபிரிட்ஜைத்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் 2020 ஊரடங்கில் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு தாண்டியதிலிருந்தே கைப்பிடிச் சுவரில் நாட்டுக்குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத இனம். கார் நின்றால் சிப்ஸ், பிஸ்கட், முறுக்கு. ஊரடங்கில் வண்டி நின்றுபோனது. பர்லியாரில் மங்குஸ்தானும் துரியனும் விற்கும் பழக்கடை அக்கா ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்: "மொத வாரம் ரோட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்துச்சு கண்ணு. ரெண்டாவது வாரம் காட்டுக்குள்ள போயிருச்சு. கடை தெறந்த அன்னிக்கு மறுபடி வந்து நிக்குது. எப்படித்தான் தெரிஞ்சுதோ."

அதைக் கேட்டபோது எனக்குப் பழைய ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதே நாட்டுக்குரங்கை வைத்து 1980களிலேயே ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். குட்டி வளர்க்கும் தாய்க்கு உணவைக் குறைக்கவில்லை. ஆனால் சில வாரம் சுலபமாகக் கிடைக்கும், சில வாரம் தேடித் தோண்டி எடுக்க வேண்டும், எப்போது எது என்று தாய்க்குத் தெரியாது. வயிறு நிறைந்தாலும் அந்தத் தாய்கள் நிம்மதியாக இல்லை. அவற்றிடம் வளர்ந்த குட்டிகள் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன. பின்னாளில் அவற்றில் உடல் பருமனும் இன்சுலினுக்கு உடல் சரியாக மசியாத நிலையும் தெரிந்ததாகக் கட்டுரை வந்தது. புரூக்ளினில் கூண்டுக்குள் செய்ததை எங்கள் ஊர்ச் சாலை தினமும் செய்கிறது. சனி, ஞாயிறு விருந்து, திங்கள் ஒன்றுமில்லை. ஏப்ரல், மே சீசனில் திகட்டத் திகட்ட, நவம்பர் மழையில் மண்சரிந்து சாலை மூடினால் பட்டினி. சர்க்கரை நோயைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

நினைத்ததில் தப்பில்லை, எழுதியதில்தான் தப்பு.

2021இல் முதல் விண்ணப்பம். பன்னிரண்டு குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடிப்பது, கெட்டமைன் போட்டு மயக்குவது, ரத்தம் எடுத்து இன்சுலினும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் பார்ப்பது, தெளிந்ததும் பிடித்த இடத்திலேயே விடுவது. இதற்கு இருபத்தெட்டு லட்சம். முப்பது பக்கம் எழுதினேன். நிராகரிப்பு மூன்று வரியில் வந்தது, கூடவே மதிப்பீட்டாளர்களின் குறிப்பு இரண்டு பக்கம். முதலில் படித்தபோது கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது வெட்கம் வந்தது. கூண்டில் தாய் சிக்கினால் வெளியே குட்டி என்ன ஆகும்? மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கிற ஆண் குரங்கைக் கூட்டம் திரும்பச் சேர்க்குமா, அடிக்குமா? பிடிப்பவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தாயிற்றா? (நம்மிடமிருந்து குரங்குக்குக் காசநோய் தொற்றும்.) பிடித்த பதற்றத்திலேயே ரத்தச் சர்க்கரை ஏறிவிடுமே, அப்புறம் எதை அளக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. உயிர்வேதியியல்காரிக்கு அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் சட்டம். இந்தியாவில் விலங்குப் பரிசோதனைக்கு 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது. முன்பு சிபிசிஎஸ்இஏ என்பார்கள், இப்போது சிசிஎஸ்இஏ. எலி, முயல் என்றால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவே முடிவு செய்துவிடும். குரங்கு என்றால் கோப்பு டெல்லிக்குப் போக வேண்டும். இது தவிர, குரங்கு காட்டு விலங்கு. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி தனி. இந்தக் கடுமைக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. போலியோ தடுப்பூசி தயாரிக்க 1950களில் வட இந்தியச் செம்முகக் குரங்குகள் கப்பல் கப்பலாக, விமானம் விமானமாக அமெரிக்கா போயின. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. கொரோனா காலத்தில் கோவாக்சினைக் குரங்குகளில் சோதித்தபோதுகூட 20 குரங்குகள்தான், நாலு குழுவாக, குழுவுக்கு ஐந்து. நாடே தடுப்பூசிக்காகக் காத்திருந்த நேரத்து எண்ணிக்கை அது. ஒரு கல்லூரி ஆசிரியை பன்னிரண்டு கேட்டால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

எங்கள் நெறிமுறைக் குழுவில் விஞ்ஞானி அல்லாத உறுப்பினர் ஒருவர் உண்டு. விதிப்படி இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா, பிடிக்காம தெரிஞ்சுக்க முடியாதுன்னு நிச்சயமா தெரியுமா உனக்கு?" தெரியாது. நான் தேடியே பார்க்கவில்லை.

தேடினேன். சி-பெப்டைடு கிடைத்தது. கணையம் இன்சுலினை முதலில் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்கிறது. அதை வெட்டி இன்சுலினாக்கும்போது நடுவிலிருந்து ஒரு துண்டு விழுகிறது. அதுதான் சி-பெப்டைடு. ஒரு இன்சுலினுக்கு ஒரு துண்டு. இன்சுலினைக் கல்லீரல் பெருமளவு பிடித்து அழித்துவிடும், இந்தத் துண்டை அப்படிச் செய்யாது. ஒரு பகுதி சிறுநீரில் வந்துவிடும். சிம்பன்சியிலும் போனோபோவிலும் மக்காக் குரங்குகளிலும் (நாட்டுக்குரங்கும் ஒரு மக்காக்தான்) சிறுநீரை வைத்தே இதை அளந்திருக்கிறார்கள். ஆக, குரங்கைத் தொட வேண்டாம். அது போகும்வரை காத்திருந்தால் போதும்.

ஆனால் முதல் நிதிக்கும் 'முன்தரவு இருக்கிறதா' என்று கேட்பார்கள். காசு இல்லாமல் தரவு இல்லை, தரவு இல்லாமல் காசு இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க நான் செலவு செய்தது சொந்தக் காசில் நாலாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு டப்பா சிறுநீர் ஸ்ட்ரிப், வெள்ளை பாலிதீன் விரிப்பு, பிளாஸ்டிக் சொட்டுக்குழாய் நூறு, ஐஸ் ஃபிளாஸ்க் ஒன்று, பெட்ரோல். இடம், பழக்கடை அக்காவின் கடைக்கு எதிரே, அவர் வீட்டுப் பட்டாவில் நிற்கும் பலாமரம். அதில்தான் அந்தக் கூட்டம் ராத்தூங்கும்.

குரங்கு விழித்ததும் செய்யும் முதல் காரியம் மனிதன் செய்வதுதான். அதனால் ஐந்தரைக்கு மரத்தடியில் இருக்க வேண்டும். முதல் நாள் விரிப்பை விரித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். வெளிச்சம் வருமுன்னே சடசடவென்று விழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை. ஒரே விரிப்பில் ஐந்தாறு குரங்கின் கலவை. அறிவியலுக்கு உதவாது. அக்கா கடைக் கதவைத் திறந்து பார்த்து, "ஏங்கண்ணு, காலங்காத்தால இதைப் புடிக்கவா மேல இருந்து வந்த?" என்றார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். கிழவி எப்போதும் பாறைப்பக்கக் கிளையில், காது கிழிந்தவள் மின்கம்பப் பக்கம், பெரியவன் உச்சாணியில், அவன் கடைசியாகத்தான் இறங்குவான். உண்டிவில்லால் அடித்து அடித்து ஒவ்வொன்றையும் முகம் தெரிந்து வைத்திருந்தார். மூன்று வருஷ வேலையை எனக்கு மிச்சப்படுத்திய தகவல் அது. ஒரே பெரிய விரிப்புக்குப் பதிலாக ஒவ்வொரு கிளைக்கும் கீழே தனித்தனித் துண்டு போட்டேன். இரண்டு பேர் வெளிச்சம் வந்த பிறகு நின்று யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று குறித்தோம். எச்சம் கலந்ததைத் தூக்கிப் போட்டோம். மழை விழுந்ததையும்.

எட்டு காலைகளில் பயன்படக்கூடிய மாதிரிகள் பத்தொன்பது. ஸ்ட்ரிப்பில் குளுக்கோஸ் கட்டம் ஒன்றுகூட நிறம் மாறவில்லை. அறிவியலாகப் பார்த்தால் பூஜ்யம். ஆனால் விண்ணப்பத்தில் எனக்குத் தேவைப்பட்ட எண் அதுவல்ல. எட்டு நாளில் பத்தொன்பது, அதுவும் எந்தக் குரங்கு என்று தெரிந்தவை. யாரும் கடிபடவில்லை, எந்தக் குரங்கும் மரத்தை மாற்றவில்லை. மதிப்பீட்டாளர் பிறகு தன் குறிப்பில் மேற்கோள் காட்டியது இந்த வரியைத்தான்.

வாழைப்பழம் வைத்து வரவழைத்தால் சுலபமே என்று நிறையப் பேர் சொன்னார்கள். வைக்கக் கூடாது. 'விலங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்று பலகை வைத்திருக்கிற சாலை, போட்டால் அபராதம். அதைவிட, நான் அளக்கப்போவதே உணவு உடலில் என்ன செய்கிறது என்பதை. நானே பழம் போட்டால் என் கையே என் தரவில் வந்து உட்காரும்.

இரண்டாவது விண்ணப்பம் பதினொரு பக்கம். எழுதுமுன் வெளிநாட்டில் இதை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவில் தேசிய பிரைமேட் ஆய்வு மையங்கள் ஏழு இருக்கின்றன. அவை 'பைலட்' என்ற பெயரில் சின்ன நிதி தருகின்றன, பெரும்பாலும் ஓராண்டுக்கு. வெளியிலிருந்து வருபவர் முதலில் அந்த மையத்து விஞ்ஞானியிடமும் கால்நடை மருத்துவரிடமும் பேச வேண்டும். இந்தப் பணத்தில் கிடைக்கும் தரவை வைத்து அடுத்து எந்தப் பெரிய நிதிக்குப் போகப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். நோயைக் கண்டுபிடி என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழி நடக்குமா, நடந்தால் அடுத்து எங்கே போவாய் என்றுதான் கேட்கிறார்கள். என் முதல் விண்ணப்பத்தில் 'சர்க்கரை நோயின் மூலகாரணம்' என்ற சொற்றொடர் மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. இரண்டாவதில் ஒரே கேள்வி: மனிதச் சிறுநீரில் சி-பெப்டைடை அளக்கிற எலைசா கிட் (எதிர்ப்பொருளை வைத்து ஒரு பொருளை அளக்கும் சோதனை) நாட்டுக்குரங்குச் சிறுநீரில் வேலை செய்யுமா, சாலையோரத்தில் எடுத்த மாதிரி ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்குமா? அவ்வளவுதான். வார இறுதிக் கதை எல்லாம் கடைசிப் பத்தியில், 'வாய்த்தால்' என்ற அளவில்.

இங்கே எந்தக் கதவு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிர்த்தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம் பைராக் தருகிற 'பிக்' நிதி 50 லட்சம் வரை, பதினெட்டு மாதம். ஆனால் அது பொருளாகவோ தொழில்நுட்பமாகவோ மாறக்கூடிய யோசனைக்கு. குரங்கு எப்படி வாழ்கிறது என்று பார்க்கப் போகிறவர் அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். அறிவியல் ஆய்வுக்கு நிதி தந்த மத்திய அமைப்பு செர்ப் இப்போது ஏஎன்ஆர்எஃப் ஆகிவிட்டது. பழைய பெயர்களில் தேடினால் பழைய அறிவிப்புதான் வரும். எனக்குக் கிடைத்தது இந்த இரண்டுமல்ல, ஒரு சின்ன அமைப்பு. பெயர் வேண்டாம், பின்னால் ஒரு குறை சொல்லப் போகிறேன்.

பட்ஜெட்டில் எல்லோரும் தப்புச் செய்கிற இடம் எலைசா தட்டு. ஒரு கிட்டுக்கு ஒரு தட்டு. அதில் 96 குழி என்று படித்துவிட்டு 96 மாதிரி என்று கணக்குப் போடுகிறார்கள், நானும் போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு குழியில் போட வேண்டும். அளவுகோல் கரைசல்கள் எட்டு, அது பதினாறு குழி. கட்டுப்பாட்டு மாதிரி இரண்டு, அது நாலு. மிச்சம் 76 குழி, அதாவது 38 மாதிரி. நாலு கிட் வாங்கினால் 152. அதில் முதல் தட்டின் பெரும்பகுதி கிட்டையே சோதிக்கப் போய்விடும். சரியாக வராத மாதிரியை மறுபடி ஓட்ட இடம் வேண்டும். நான் விண்ணப்பத்தில் 120 என்று எழுதினேன். மதிப்பீட்டாளர் இந்தக் கணக்கின் ஓரத்தில் ஒரு டிக் போட்டிருந்தார். என் வாழ்நாளில் எனக்குப் பிடித்த டிக்.

இன்னொன்று. கிட்டை முழு விலைக்கு வாங்குமுன் விற்பனையாளரிடம் காலாவதி நெருங்கிய கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குப் பாதி விலைக்கும் குறைவாக ஒன்று கிடைத்தது. அதில் ஓட்டிப் பார்த்தால் குரங்கு மாதிரியில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கம்பெனியின் எதிர்ப்பொருளுக்கு மனிதத் துண்டுதான் தெரிகிறது போல. வேறொரு கிட்டில் வந்தது. முதலாவதை நாலு பெட்டி வாங்கியிருந்தால் என் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும்.

பணம் ஜனவரி 2023இல் வந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மார்ச் 31க்குள் முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், நாங்கள் 'யூசி' என்போம். ஆனால் களத்தில் இறங்க அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதிக்கு எழுதியதே டிசம்பரில். கடிதம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். முட்டாள்தனம். விண்ணப்பம் போடுகிற அன்றே அனுமதிக்கும் எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு என் விஷயத்தில் சீக்கிரம் முடித்துவிட்டது. விலங்கைத் தொடவில்லை, மயக்கவில்லை, இரை வைக்கவில்லை என்பதைப் பதிவு செய்து கடிதம் தந்தார்கள். தமிழாசிரியர் அன்று வடையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். வனத்துறை விண்ணப்பத்தில் இடித்தது என் தப்பு. பர்லியார் நீலகிரி மாவட்டம். கீழே கல்லாறு கோயம்புத்தூர் மாவட்டம். ஒரே சாலை, ஒரே குரங்கு, ஆனால் வனக்கோட்டம் இரண்டு. நான் ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டு, வரைபடத்தில் இரண்டிலும் புள்ளி வைத்திருந்தேன். கோப்பு திரும்பி வந்தது. மறுபடி போனது. கடைசியில் கல்லாற்றை விட்டுவிட்டு பர்லியாருக்கு மேலே மட்டும் வைத்துக்கொண்டேன். செப்டம்பரில் கையெழுத்தானது. ஓராண்டு நிதியில் எட்டு மாதம் காற்றில்.

செலவில்லாத கால நீட்டிப்பு என்று ஒன்று உண்டு. கூடுதல் பணம் இல்லை, கூடுதல் நாள் மட்டும். கேட்டால் தருவார்கள், ஆனால் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் ஏற்கனவே தோற்றவர் மாதிரித் தெரியும். எனக்கு எட்டு மாதம் கிடைத்தது. களப்பணியாளர் சம்பளம் மட்டும் நீளவில்லை. அதற்கான தலைப்பில் இருந்த பணம், அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் அவருக்கு வேலையில்லாமலே போய்விட்டது. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பத்தாமல் போனது பணமில்லை, மாதம். ஆளை முதல் நாளே நியமிக்காதீர்கள். அனுமதிக் கையெழுத்தான மறுநாள் நியமியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மூத்திரம்தானே என்று அலட்சியம் வரும். மக்காக் குரங்குகளில் ஹெர்பிஸ் பி என்ற வைரஸ் இருக்கலாம். குரங்குக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மனிதனுக்கு மூளையைத் தாக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் மரத்தடியில் அண்ணாந்து பார்க்கக் கூடாது. கண்ணில் பட்டாலும், கடித்தாலும் கீறினாலும் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. கடிக்கு வெறிநாய்க்கடி ஊசியும் சேர்த்து. 1907இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனத்தை மேலே குன்னூரில் வைத்துக்கொண்டு ஊசி போடாமல் இருந்தால் ஊர் சிரிக்கும். (அங்கே ஒரு காலத்தில் ஆட்டு மூளையில் தயாரித்த அந்தத் தடுப்பூசி, பிறகு வீரோ செல்லுக்கு மாறியது. அது 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல் வரிசை. குரங்கு இல்லாத மருத்துவம் என்று நாம் நினைப்பதிலும் எங்கோ ஒரு குரங்கு இருக்கிறது.) செத்த குரங்கைப் பார்த்தால் தொடவே கூடாது, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல், 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறிந்தது, 2012-13இல் பந்திப்பூர் பக்கம் வந்தபோது நீலகிரியிலும் செத்த குரங்குகளில் தெரிந்தது.

இனி அந்தக் குறை. நிதி தந்த அமைப்பு கருவி வாங்க அனுமதிக்கவில்லை. மைனஸ் இருபது டிகிரி ஃபிரீசர் கேட்டேன், 'நிறுவனத்திடம் இருக்கும் வசதியைப் பயன்படுத்தவும்' என்று வெட்டிவிட்டார்கள். நிறுவனத்திடம் இருந்தது பழைய ஃபிரீசர். அக்டோபரில் தொடங்கி தீபாவளிக்குள் நாற்பத்தொரு மாதிரி சேர்த்திருந்தோம். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, தொடர்ந்து விடுமுறை, மழை, மின்தடை. புதன்கிழமை கதவைத் திறந்தபோது ஃபிரீசருக்குள் வெதுவெதுவென்று ஒரு வாடை. குழாய்கள் எல்லாம் உருகி, லேபிள் மை கரைந்து நீலமாக வழிந்திருந்தது. பென்சிலால் எழுதியவை மட்டும் படிக்கும்படி இருந்தன. எங்கள் களப்பணியாளர் பேனா தீர்ந்துபோனதால் பென்சிலில் எழுதிய ஒன்பது குழாய்கள். அன்று முதல் பென்சில்தான். ஒவ்வொரு மாதிரியையும் அங்கேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கல்லூரியில், மறுபாதி ஒரு மாணவியின் மாமா நடத்தும் ஐஸ்கிரீம் கடையில். அந்த ஃபிரீசருக்கு ஜெனரேட்டர் உண்டு. மூன்று உறை போட்டு, 'திறக்காதே' என்று எழுதி, அவரும் சரி என்றார். என்ன என்று சொல்லித்தான் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு அடித்தட்டில், ஐஸ்கிரீம் வைக்காத பழைய பெட்டியைத் தனியாகவே எனக்குக் கொடுத்துவிட்டார்.

உருகிய நாற்பத்தொன்றையும் நான் கொட்டவில்லை. இதுதான் அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கெடாமல் இருக்குமா என்பது என் கேள்வியில் பாதி அல்லவா? உருகியதையும் ஓட்டினேன். அதே குரங்குகளின் புதிய மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் எண்கள் சரிந்திருந்தன, அதுவும் ஒரே அளவில் இல்லை. ஆக, ஒரு தடவை உருகியதை நம்ப முடியாது என்று அறிக்கையில் எழுத முடிந்தது.

தட்டைப் படித்து எண் சொல்லும் எலைசா ரீடர் கோயம்புத்தூரில் ஒரு நண்பரின் ஆய்வுக்கூடத்தில். ஜீப்புக்கான பணம் டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டதால் பேருந்தில்தான் போனேன், மடியில் தெர்மாகோல் பெட்டி. கண்டக்டர், "மீனா? மீன் பெட்டி மேல வைக்கக் கூடாதும்மா, வாசம் வரும்" என்றார். மீன் இல்லை என்றேன். "அப்ப என்ன?" யோசித்து, "மருந்து சம்பந்தப்பட்டது" என்றேன். பெட்டிக்குத் தனி டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார்.

கிட் வேலை செய்ததா? மனித அளவுகோலைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்தால் ஒரு கோடு இறங்கும். குரங்கு மாதிரியை அதேபோல நீர்க்கச் செய்தால் இன்னொரு கோடு. இரண்டும் மலை ரயில் தண்டவாளம் மாதிரி இணையாக இறங்கினால்தான் கிட் ஒரே பொருளை அளக்கிறது என்று அர்த்தம். இறங்கின. கீழ்க்கோடியில் கொஞ்சம் விலகியது, அதையும் மறைக்காமல் எழுதினேன். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினால் வகுத்தபோது ஒரே குரங்கின் காலை மாதிரிகள் ஓரளவு ஒத்துவந்தன. வார இறுதி, வார நாள் வித்தியாசம் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்த அளவுக்கு மாதிரி இல்லை. அதற்கு மேல் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்துவிட்டது. சீசன் கூட்டம் என்று நான் எண்ணி வைத்திருந்த கணக்கே பாதியில் மாறிப்போனது. கடை அக்காவுக்கு அதில் வருத்தம், எனக்கும்தான், காரணம் வேறு.

இப்போது பெரிய நிதிக்கு எழுதியிருக்கிறேன், மூன்று வருஷத்துக்கு, பழனி மலையில் கொடைக்கானல் சாலைக் குரங்குகளையும் சேர்த்து. போன வாரம் மதிப்பீட்டாளர் குறிப்பு வந்தது. நல்லபடியாகவே இருக்கிறது. ஐஸ்கிரீம் கடை ஃபிரீசரை 'புதுமையான ஏற்பாடு' என்று எழுதியிருக்கிறார், கிண்டலா என்று தெரியவில்லை. கடைசிக் கேள்வி ஒன்று: "சிறுநீர் மறைமுக அளவீடு மட்டுமே. விண்ணப்பதாரர் ஏன் சில குரங்குகளைப் பிடித்து ரத்த மாதிரி எடுக்கக் கூடாது?"

பதில் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். 2021இல் எனக்கு வந்த அந்த இரண்டு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அதிலிருந்தே எழுதிவிடலாம்.